கடைவீதியே, நிமிர்ந்து நில்!

2021 மே 14, வெள்ளிக்கிழமை. ரம்ஜானும் அட்சய திருதியையும் ஒரே நாளில் கூடி வந்தன. துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் இப்படியொரு நாள் எப்போதாவதுதான் வாய்க்கும். அன்று பெரம்பலூர் கடைவீதியிலும் அரியலூர் கடைவீதியிலும் அந்தக் கடைகள் பூட்டிக் கிடந்தன. கொரோனா இரண்டாம் அலைக்கான முழு ஊரடங்கு நான்கு நாள் முன்புதான், மே 10-ஆம் தேதி, தொடங்கியிருந்தது. முந்தைய ஆண்டும் அப்படித்தான். ஏப்ரல் 26-இல் வந்த அட்சய திருதியை, மே 25-இல் வந்த ரம்ஜான், சித்திரை வைகாசி முகூர்த்தங்கள் எல்லாமே ஊரடங்குக்குள் கரைந்து போயின.

இரண்டு சீசன் கைவிட்டுப் போனது. சரக்குக் கடன் போகவில்லை. வாடகை நிற்கவில்லை. வட்டிக்கு ஒரு நாளும் ஊரடங்கு கிடையாது.

வணிகத் தோழரே! அந்த இரண்டு ஆண்டுகளைத் தாண்டி இன்றும் காலையில் ஷட்டரைத் தூக்குகிறீர்களே, எந்த முதலை வைத்துத் தூக்குகிறீர்கள்? கல்லாவில் பணம் இல்லாமல் இருந்தது. குடோனில் சரக்கு காலாவதியாகி இருந்தது. ஏஜென்சிக்காரர் பழைய பாக்கியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதும் உங்களிடம் ஒரு முதல் மிச்சம் இருந்தது. ஊருக்கு உங்களைத் தெரியும். உங்களுக்கு ஊரைத் தெரியும். எந்த அரசாணையாலும் பூட்ட முடியாத முதல் அது ஒன்றுதான். அதை எடுத்து முழு வீச்சில் போடுங்கள் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

அடி எங்கெல்லாம் விழுந்தது

பட்ட அடியை மறைத்துவிட்டுத் தன்னம்பிக்கை பேசுவது வெற்று முழக்கம். முதலில் அடியை எண்ணிப் பார்ப்போம்.

பெரம்பலூர் நகருக்கு ரயில் கிடையாது. பேருந்துதான் அதன் மூச்சு. வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள்தான் கடைவீதியின் கூட்டம். 2020 மார்ச் கடைசியில் அந்தப் பேருந்துகள் நின்றன. ஜூன் 1-இல் அரைகுறையாக ஓடி, ஜூலை 1-இல் மறுபடி நின்றன. செப்டம்பர் 1-இல் மாவட்டத்துக்குள்ளும், 7-இல் மாவட்டம் விட்டு மாவட்டமும் ஓடத் தொடங்கின. மறு ஆண்டு மே 10-இல் திரும்பவும் நின்று, ஜூன் 28-இல்தான் இங்கே சக்கரம் சுழன்றது. பேருந்து நிலையத்தை நம்பியிருந்த டீக்கடை, பழக்கடை, பேக்கரி, செருப்புக்கடை எல்லாவற்றுக்கும் அந்த மாதங்கள் பட்டினி மாதங்கள்.

அரியலூர் சிமெண்ட் பூமி. ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், அரசின் டான்செம் என்று ஆலைகள் சூழ்ந்த ஊர். கட்டட வேலை நின்றதும் லாரி ஓட்டம் படுத்தது. லாரியை நம்பி இரவும் பகலும் அடுப்பெரித்த மெஸ், பஞ்சர் கடை, உதிரிபாகக் கடை, வெல்டிங் பட்டறை எல்லாம் சேர்ந்து படுத்தன. ராமநவமியை ஒட்டிக் கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் நடக்கும் பெருவிழா இந்த ஊர் வியாபாரத்துக்கு எப்பேர்ப்பட்ட பலம் என்பது கடை போட்டவர்களுக்குத் தெரியும். 2020 ராமநவமி வந்தபோது கோயில்கள் பூட்டியிருந்தன. 2021 ராமநவமி வந்தபோது திருவிழாக்களுக்குத் தடை.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். பூக்கடையும் தேங்காய்க்கடையும் பொம்மைக்கடையும் அந்த இரண்டு நாளை வைத்துத்தான் வாரத்தை ஓட்டுகின்றன. 2021-இல் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வழிபாட்டுத் தலங்களுக்கு மக்கள் போகக் கூடாது என்ற உத்தரவு அக்டோபர் நடுப்பகுதி வரை இருந்தது. இரண்டில் ஒரு நாள் அப்படியே போனது.

பள்ளிக்கூடங்களைப் பாருங்கள். 2020 மார்ச்சில் மூடியவை. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பர் 1-இல்தான் வகுப்புக்குத் திரும்பினார்கள். நோட்டுப் புத்தகக் கடைக்கும் சீருடை தைக்கும் டெய்லருக்கும் ஜூன் மாதம்தான் அறுவடை. இரண்டு ஜூன் விளைச்சல் இல்லாமலே போனது. கல்லூரி விடுதிகளை நம்பிய பெரம்பலூர் ஜெராக்ஸ் கடைகளையும் ஜூஸ் கடைகளையும் கேட்டுப் பாருங்கள், அவர்கள் சொல்லும் கணக்கு இன்னும் கனக்கும்.

இத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு நிற்கிறவர் நீங்கள். "நம்மால் என்ன முடியும்" என்று இனி ஒருமுறைகூடச் சொல்லாதீர்கள். முடியும் என்பதை நீங்கள் ஏற்கெனவே செய்து காட்டிவிட்டீர்கள்!

ஊர் பயந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?

மே 5 வணிகர் தினம். 2020-இல் அதே மே 5-ஆம் தேதிதான் தொற்றுப் பரவலால் சென்னைக் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அங்கே மூட்டை தூக்கியவர்களில் நம் இரு மாவட்டத்துப் பிள்ளைகள் ஏராளம். கிடைத்த லாரியில் ஏறி ஊர் திரும்பினார்கள். பரிசோதனை முடிவுகள் வரத் தொடங்கியதும் அரியலூர் மாவட்டத்தில் ஒரே நாளில் நூறு பேருக்கு மேல் தொற்று உறுதியானது. அதுவரை கொரோனாவைச் செய்தியில் மட்டும் பார்த்திருந்த கிராமங்கள் நடுங்கிப் போயின. தெருக்களுக்குத் தடுப்பு வந்தது. "கோயம்பேட்டிலிருந்து வந்தவன்" என்ற பேச்சு ஒரு வசையாகவே மாறியது.

அடைபட்ட வீடுகளுக்குள்ளும் அடுப்பு எரிய வேண்டுமே! அரிசி, பருப்பு, பால், மாத்திரை யார் கொண்டுவந்து சேர்த்தார்கள்? வெகுதூரத்துக் கம்பெனியின் விளம்பரத் தூதர் வரவில்லை. தெருமுனை மளிகைக்காரர் செல்போனில் சீட்டை வாங்கிக்கொண்டார். தடுப்புக்கு இந்தப் பக்கம் பையை வைத்துவிட்டு நகர்ந்தார். "காசு இருக்கும்போது குடு, போ" என்றார். அந்தச் சொல்லுக்கு எந்தப் பாங்கும் உத்தரவாதம் தரவில்லை. பழகிய பழக்கம்தான் உத்தரவாதம்.

2020 மே 11-இல் 34 வகைத் தனிக்கடைகளைத் திறக்கலாம் என்று அரசு அனுமதித்தது. டீக்கடையில் பார்சல் மட்டும் கொடுக்கலாம் என்றார்கள், கொடுத்தீர்கள். ஏசி போடாதே என்றார்கள், வியர்வையில் குளித்துக்கொண்டு துணி விரித்துக் காட்டினீர்கள். கடை வாசலில் கயிறு கட்டி, சுண்ணாம்பில் வட்டம் போட்டு, வாளியில் தண்ணீரும் சோப்பும் வைத்தீர்கள். 2021 மே 24-இல் மளிகைக்கடையும் திறக்கக் கூடாது என்ற தளர்வில்லா ஊரடங்கு வந்தது. வண்டியில் பொருள் கொண்டுபோக அனுமதி கிடைத்த அன்றே தெருத்தெருவாகப் போனீர்கள். வாட்ஸ்அப்பில் பட்டியல் வாங்குவதை உங்களுக்கு எந்தப் பயிற்சி நிலையமும் சொல்லித் தரவில்லை. தேவை வந்தது, கற்றீர்கள். ஐம்பது வயதுக்கு மேல் க்யூஆர் அட்டையை மாட்டி, பணம் வந்ததா என்று செல்போனைப் பார்க்கப் பழகினீர்களே, அதற்குப் பெயர் என்ன? அதுதான் தன்னம்பிக்கை. மேடையில் ஏறிக் கத்துவதைவிட ஆயிரம் மடங்கு உயர்ந்த தன்னம்பிக்கை!

நம் கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். புதிதாய்ப் பார்ப்பவன் இனி இங்கே என்ன விளையும் என்பான். அந்த வெடிப்பின் வழியேதான் முதல் மழை ஆழத்துக்கு இறங்கும், அதற்குப் பிறகுதான் பருத்தியும் மக்காச்சோளமும் நிற்கும். உங்கள் கடையில் விழுந்த வெடிப்பும் அப்படிப்பட்டதுதான். மழையை உள்ளே விடத் தயாராகுங்கள்.

உதவி வந்தது, ஏன் எட்டவில்லை?

உண்மையை நெஞ்சுக்கு நேரே பார்க்கும் துணிவு வேண்டும். 2020 மே மாதம் மத்திய அரசு 3 லட்சம் கோடி ரூபாய்க்கு அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தை அறிவித்தது. ஏற்கெனவே பாங்கில் தொழில் கடன் வைத்திருப்பவருக்கு, நிலுவையில் 20 சதவீதம் வரை கூடுதல் கடன், அடமானம் இல்லாமல். நல்ல திட்டம். பாங்குப் படியையே மிதிக்காமல் தண்டலிலும் சீட்டிலும் கடை நடத்தியவருக்கு அதில் என்ன கிடைத்தது? இருபது சதவீதம் கணக்கிட அவருக்கு அடிக்கணக்கே இல்லை. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட வழி செய்தது. தண்டல்காரருக்கு அந்த அறிவிப்பு பொருந்துமா?

தண்டல் வட்டிக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கையில் 8,500 ரூபாய் வாங்கி, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டினால் வட்டி 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துப் பார்த்தால் அது ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டிய வட்டி! உங்கள் விடியற்காலை உழைப்பு எங்கே போகிறது என்று இப்போது தெரிகிறதா?

2020 ஜூனில் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி திட்டம் தெருவோர வியாபாரிக்கு அடமானம் கேட்காமல் முதலில் 10,000 ரூபாய் கொடுத்தது. ஒழுங்காகக் கட்டியவருக்கு 20,000, பிறகு 50,000, வட்டியில் 7 சதவீதம் மானியம். 2025-இல் முதல் இரண்டு கடன்களும் 15,000, 25,000 என்று உயர்ந்தன. திட்டமும் 2030 மார்ச் வரை நீண்டது. 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வணிகர்களும் உத்யம் பதிவு செய்து, முன்னுரிமைக் கடன் பெறலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. கதவு திறந்திருக்கிறது. உள்ளே போக ஒரு சான்று வேண்டும்: உங்கள் வியாபாரம் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே இன்றே தொடங்குங்கள். தினமும் கடை அடைக்கும் முன் பத்து நிமிடம் வரவு, செலவு, பாக்கி எழுதுங்கள். வீட்டுச் செலவையும் கடைப் பணத்தையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். உத்யம் பதிவைச் செய்யுங்கள், அதற்குக் கட்டணமே கிடையாது. உணவுப்பொருள் விற்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவை எடுங்கள். வணிகர் நல வாரியத்தில் உறுப்பினராகுங்கள். மாவட்டத் தொழில் மையத்துக்குள் தலைநிமிர்ந்து போய், "எனக்கு எந்தத் திட்டம் பொருந்தும்" என்று கேளுங்கள். அங்கே பிச்சை கேட்கவில்லை, வரி கட்டுகிற குடிமகனாக உரிமையைக் கேட்கிறீர்கள்!

ஊர்ப் பணம் ஊரில் சுற்றட்டும்

இப்போது பொதுமக்களிடம் பேசுகிறேன். வாங்குகிறவரே, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

2020 மே மாதம் தென்கொரிய அரசு எல்லாக் குடும்பங்களுக்கும் கொரோனா உதவித்தொகை கொடுத்தது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 10 லட்சம் வோன். அதோடு ஒரு நிபந்தனையும் வைத்தது. பணத்தைச் சொந்தப் பகுதியில்தான் செலவழிக்க வேண்டும், பெரிய மார்ட்டிலும் ஆன்லைனிலும் செல்லாது, ஆகஸ்ட் 31-க்குள் செலவழிக்காவிட்டால் போய்விடும். வீட்டுக்குக் கொடுத்த பணம் தெருக்கடையையும் தூக்கி நிறுத்த வேண்டும் என்று அந்த அரசு யோசித்தது.

தமிழக அரசும் 2021 மே, ஜூனில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அரிசி அட்டைதாரர்களுக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாய் கொடுத்தது. அந்தப் பணம் நம் ஊரில் எத்தனை கைமாறியது என்பது நாம் எங்கே வாங்கினோம் என்பதைப் பொறுத்தது. மளிகைக்கடையில் கொடுத்த 500 ரூபாயைக் கடைக்காரர் டெய்லரிடம் கொடுக்கிறார். டெய்லர் அதைப் பிள்ளையின் நோட்டுக்குக் கொடுக்கிறார். நோட்டுக்கடைக்காரர் செட்டிக்குளத்துச் சின்ன வெங்காயம் வாங்குகிறார். ஒரே தாள் நான்கு குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. அதே 500 ரூபாய் செல்போன் வழியே வெளியூர் போனால், அட்டைப்பெட்டி மட்டும்தான் ஊரில் மிஞ்சும்.

எல்லாவற்றையும் இங்கேதான் வாங்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. இங்கே கிடைப்பதை இங்கே வாங்குங்கள். முதலில் கடைவீதியில் கேளுங்கள், இல்லையென்றால் வெளியே தேடுங்கள். சிமெண்ட் ஆலை அதிகாரிகளே, கல்லூரி நிர்வாகிகளே, அரசு அலுவலர்களே! உங்கள் அச்சுவேலை, எழுதுபொருள், விழாச் சாப்பாடு, சீருடைத் தையல் எல்லாம் இந்த ஊர்க் கைகளுக்குக் கிடைக்கட்டும். ஊரடங்கில் கடன் சொல்லி வாங்கிய பாக்கி இன்னும் யாருடைய நோட்டிலாவது இருக்கிறதா? இந்த வாரமே போய்த் தீர்த்துவிடுங்கள். கட்டட உரிமையாளர்களே, ஒழுங்காக வாடகை கொடுத்த ஒருவர் அந்த இரண்டு ஆண்டில் தடுமாறியிருந்தால், இனியாவது வாடகை உயர்வை உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பூட்டிய கடைக்கு வாடகை வராது. விளக்கெரியும் கடைவீதிதான் உங்கள் கட்டடத்துக்கு மதிப்பு.

இனி உங்கள் முறை

ஊர் ஆதரிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை நேர்மையான கடைக்காரருக்கு மட்டுமே உண்டு, வணிகத் தோழரே. எடை சரியாக இருக்கட்டும். விலையை எழுதி வையுங்கள். தேதி முடிந்த பாக்கெட்டைச் சிரிப்போடு தலையில் கட்டாதீர்கள். கேட்காமலே பில் கொடுங்கள். பிடிக்காத பொருளை மாற்றிக் கேட்டு வருகிறவரிடம் முகம் சுளிக்காதீர்கள். கிழிந்த செருப்போடு வருகிற விவசாயக் கூலித் தாய்க்கும் காரில் வந்து இறங்குகிறவருக்கும் ஒரே "வாங்க" சொல்லுங்கள். மரியாதைக்குக் கொள்முதல் விலை கிடையாது, லாபம் மட்டும்தான் உண்டு!

உங்களோடு நிற்கிற ஊழியரையும் நினையுங்கள். 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டப்பேரவை, கடை ஊழியர் உட்கார இருக்கை கட்டாயம் என்று சட்டம் திருத்தியது. சட்டத்துக்குப் பயந்து ஒரு ஸ்டூல் போடாதீர்கள். அந்தப் பெண்ணும் அந்தப் பையனும்தான் உங்கள் கடையின் முகம். பாதிச் சம்பளத்திலும் உங்களை விட்டுப் போகாதவர்களுக்கு முழு மதிப்பு கொடுங்கள்.

ஒற்றுமையாகுங்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், கடை திறந்திருந்த நேரத்தைக் காரணம் காட்டி அழைத்துச் செல்லப்பட்ட வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவலில் வைக்கப்பட்டு உயிரிழந்தார்கள். தமிழகமெங்கும் வணிகர்கள் கடையடைத்து நீதி கேட்டார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. துக்கத்தில் சேர முடிந்த நமக்கு வளர்ச்சியில் சேர முடியாதா? பத்து மளிகைக்கடைகள் சேர்ந்து ஆலையிலிருந்து நேரடியாகக் கொள்முதல் செய்தால் விலை இறங்கும். ஒரு தெருவுக்கு ஒரு டெலிவரி வண்டி போட்டால் நான்கு இளைஞருக்கு வேலை கிடைக்கும். சங்கம் என்பது ஆண்டுக்கொரு நாள் கொடியேற்றிக் கலைவதற்கா? மாதம் ஒருமுறை கூடி, யார் தடுமாறுகிறார் என்று கேட்டு, கைகொடுக்கிற சங்கம் வேண்டும். அடுத்த பேரிடர் எந்த உருவில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு முன்பே ஆளுக்கு மாதம் ஒரு சிறு தொகை போட்டு நெருக்கடி நிதி ஒன்றைச் சேர்த்து வையுங்கள்.

தம்பி, தங்கையே! படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் உன்னிடமும் ஒரு சொல். அப்பாவின் கடையை அவமானமாகப் பார்க்காதே. அவரிடம் நாணயம் இருக்கிறது, உன்னிடம் புதிய கருவி இருக்கிறது. இரண்டும் ஒரே கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று யோசி. கடையின் பெயரையும் இருப்பிடத்தையும் கூகுள் வரைபடத்தில் ஏற்று. சரக்குக் கணக்கைக் கணினிக்குக் கொண்டுவா. ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரியையும் உடையார்பாளையம் நெசவையும் செட்டிக்குளத்து வெங்காயத்தையும் நல்ல பையில் போட்டு, ஊர் பெயரைப் பெரிதாக அச்சடித்து, வெளியூருக்கு விற்றுக் காட்டு. வெளியூர்க் கம்பெனி நம் ஊருக்குள் வர முடியுமென்றால், நம் ஊரும் வெளியே போகும்!

மறுபடி திறக்க முடியாமலே போன கடைகளும் உண்டு. அந்தக் குடும்பங்களுக்குச் சொல்கிறேன்: கடைதான் தோற்றது, நீங்கள் தோற்கவில்லை. கொள்முதல் தெரியும், கணக்குத் தெரியும், மனிதரின் முகம் பார்த்து மனம் படிக்கத் தெரியும். இந்தப் படிப்பை எந்தக் கடனும் ஜப்தி செய்ய முடியாது. தள்ளுவண்டியில் தொடங்குங்கள், திண்ணையில் தொடங்குங்கள், பாதி இடத்தை வாடகைக்கு எடுத்துத் தொடங்குங்கள். தொடங்கியவரை ஊர் தேடி வரும்.

நாளைக் காலை கடையைத் திறக்கும்போது மூன்று காரியம் செய்யுங்கள். புது நோட்டில் முதல் வரவை எழுதுங்கள். சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பக்கத்துக் கடைக்காரரின் தோளைத் தட்டி, "வாங்கண்ணே, சேர்ந்து பண்ணுவோம்" என்று கூப்பிடுங்கள். வாசலுக்கு வருகிற முதல் ஆளைப் பெயர் சொல்லி வரவேற்றிடுங்கள். பெரம்பலூரும் அரியலூரும் எழுந்து நடக்க வேறு யாரும் வந்து கைதூக்கிவிட வேண்டியதில்லை. எழுப்பும் பலம் உங்கள் கடைவீதிக்கே இருக்கிறது. எழுங்கள், எழுப்புங்கள்!